சுடலைமுத்து என்று முழுசாகக் கூப்பிடுங்கள்

வகுப்பறையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பேர் வாசிக்கும் ஆசிரியர்கள் அனைவருக்கும்,

வணக்கம். 33 வருஷம் நானும் அந்தப் பதிவேட்டை வாசித்தவள்தான். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். முற்பகலுக்கு ஒரு சாய்கோடு, பிற்பகலுக்கு அதன் குறுக்கே இன்னொன்று என்று போட்டுப் பழகிய கை இது. அந்த உரிமையில் உங்களுக்கு எழுதுகிறேன். எந்தப் பள்ளிக்கூடத்தையும் எந்த ஆசிரியரையும் சுட்டிக் குறை சொல்ல வரவில்லை. பிள்ளைகளின் பேர்களைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

போன ஜூன் மாதம் என் தம்பி பேரன் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு சேர்ந்தான். பேர் சுடலைமுத்து. எங்கள் பக்கம், தாமிரபரணிக் கரை ஊர்களில், தெருவுக்கு ரெண்டு சுடலைமுத்து இருப்பார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தவன் பையைக்கூடக் கழற்றவில்லை.

"ஆச்சி, எம் பேர மாத்த முடியுமா?"

"எதுக்குய்யா?"

பதில் இல்லை. கருப்பட்டிக் காப்பியைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னான். பேர் வாசித்த ஆசிரியர் அவன் பேரில் நின்றிருக்கிறார். "சுடலையா? சுடுகாட்டுக்குப் போற வழியில கிளாசுக்குள்ள வந்துட்டியாடா?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவன் பேர் 'சுடுகாடு' ஆகிவிட்டது.

"சுதர்சன்னு வச்சிருவோம் ஆச்சி. 'சு' அப்படியே இருக்கும்லா" என்றான். அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். லேபிளில் 'டலைமுத்து' என்ற எழுத்துகளைப் பேனாவால் அடித்து அடித்துத் தாள் கிழிந்திருந்தது. 'சு' மட்டும் மிச்சம்.

அந்த ஆசிரியர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நாற்பது பேரை வாசிக்கும் அலுப்பில் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார், அடுத்த பேருக்குப் போனதும் மறந்தும் இருப்பார். பையன் மறக்கமாட்டான். எனக்குத் தெரியும்.

என் பேர் இசக்கியம்மாள். 1974-இல் அப்பா என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனார். சேர்க்கைப் பதிவேட்டை எழுதியவர் பேரைக் கேட்டார். அப்பா சொன்னார். "இதென்னய்யா பேய்ப் பேரு? படிக்கிற புள்ளைக்கு ஆகுமா? ஈஸ்வரின்னு எழுதுதேன்" என்றார். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "அய்யா சொன்னாச் சரி" என்றார். அவ்வளவுதான். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், மாற்றுச் சான்றிதழ், பணிப் பதிவேடு, இப்போது பென்ஷன் புத்தகம் எல்லாவற்றிலும் ஈஸ்வரி. வீட்டிலும் கோயில் கொடைத் திருவிழாவிலும் இசக்கி. அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நினைவு தப்பித் தப்பி "இசக்கி, இசக்கி" என்று கூப்பிட்டாள். பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நர்ஸம்மா வந்து, "இசக்கிங்கிறது யாருங்க? வெளியில இருந்தா வரச் சொல்லுங்க" என்றார்கள். நான்தான் என்று சொல்ல எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அது பேய்ப் பேர் இல்லை என்று எனக்குத் தெரியவந்தது கல்லூரியில். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை நடந்துகொண்டிருந்தது. மதுரைக்கு வெளியே, மதில் புறத்தில், கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் வைத்துக்கொண்டு நிற்கிறார். அந்த வழியாக ஆயர்குல மூதாட்டி மாதரி வருகிறாள். எங்கே போய்விட்டு வருகிறாள்? 'பூங்கண் இயக்கி'க்குப் பால்மடை கொடுத்துவிட்டு வருகிறாள். பால்சோறு படைத்த கையோடு வருகிற அவளிடம்தான் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார் கவுந்தி. இயக்கி என்ற சொல்லில் என் விரல் நின்றுவிட்டது. யட்சி, இயக்கி, இசக்கி. எங்கள் ஊர்க் குளத்தங்கரையில், இடுப்பில் பிள்ளையோடு, மஞ்சள் பூசி உட்கார்ந்திருக்கிறவள். முப்பந்தலில் பெண்கள் பிள்ளை வரம் கேட்டுப் போய் நிற்கிறவள். கண்ணகிக்கு ஓர் இரவு தங்க இடம் கிடைத்ததே அவளுக்குப் படைக்கப் போன ஒருத்தியால்தான். அந்தப் பேரைத்தான் ஒரு கையெழுத்தில் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

இப்போது சுடலைக்கு வருகிறேன்.

சுடலைமாடனை அறியாதவர்கள் வெள்ளையடித்த ஒரு பீடத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். மேலே போகப் போகக் குறுகும் ஒரு செங்கல் தூண், கூரைகூட இல்லாமல் வெயிலில் நிற்கும். அவர் கதையை வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடுவார்கள். கயிலாயத்து விளக்கில் தெறித்த சுடரில் பிறந்த பிள்ளை. சுடுகாட்டுக்கு இறங்கிப் போனதால் கயிலாயத்தில் இருக்க முடியாமல் பூமிக்கு அனுப்பப்பட்டவர். கொடையன்று நடுச்சாமத்தில், சாமக்கொடை நேரத்தில், சாமியாடுகிற கோமரத்தாடி தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு தன்னந்தனியாகச் சுடுகாட்டைப் பார்த்து ஓடுவார். வேட்டைக்குப் போகிறார் என்போம். ஊர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பி வரக் காத்திருக்கும். செத்தவர்களை எரித்துவிட்டு எல்லாரும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அங்கேயே இருந்து காவல் காக்க ஒருத்தர் வேண்டும் அல்லவா? அவர்தான் சுடலை. எங்கள் அப்பாவையும் அம்மாவையும் அவர் பொறுப்பில்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

அது நாட்டுப்புறத்துச் சாமி, பெரிய கோயில்களில் இந்தப் பேருக்கு இடம் இல்லை என்று யாராவது சொன்னால், தேவாரத்தின் முதல் பாட்டைப் பாடிக் காட்டுங்கள். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளை சம்பந்தர் பாடியதாகச் சொல்வார்களே, 'தோடுடைய செவியன்'. அதன் இரண்டாவது அடி 'காடுடைய சுடலைப் பொடிபூசி என் உள்ளம் கவர் கள்வன்.' ஒரு குழந்தை முதன்முதலில் சாமியைக் கண்டு அடையாளம் சொல்கிறது. தோடு, காளை, நிலா என்று சொல்லி வந்து, சுடலைச் சாம்பலைச் சொல்கிறது. பிறகு திருடன் என்கிறது. அப்பனுக்கு அதைவிட நெருக்கமான அடையாளம் அதற்குக் கிடைக்கவில்லை.

இந்த மொழியில் கடவுளுக்கு இருக்கிற பேர்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். உங்கள் வகுப்பில் எந்தச் சொல்லுக்கெல்லாம் பிள்ளைகள் சிரிக்கிறார்களோ அதெல்லாம் அங்கே இருக்கிறது. சுடலையைச் சொன்னேன். கள்ளன்? ஸ்ரீவைகுண்டத்தில் பெருமாளுக்கே கள்ளப்பிரான் என்றுதான் பேர். திருடியதில் பாதியைத் தனக்குக் காணிக்கை வைத்த திருடனைக் காப்பாற்ற அவன் வேஷத்திலேயே ராஜாவுக்கு முன்னால் போய் நின்றவர் என்பது கோயில் கதை. அந்த ஊர்ப் பக்கம் கள்ளப்பிரான் என்று பேர் வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் கௌரவமாக வாழ்ந்திருக்கிறார்கள். பைத்தியம்? சுந்தரர் கல்யாணப் பந்தலில் வழக்காட வந்த கிழவரைப் பித்தன் என்று ஏசினார். பிறகு உண்மை தெரிந்து, எப்படிப் பாடுவேன் என்று திகைத்து நின்றபோது, முன்னே பித்தன் என்றாயே, அப்படியே தொடங்கு என்று சொன்னார் சிவன் என்கிறது பெரியபுராணம். 'பித்தா பிறைசூடி' என்று திருவெண்ணெய்நல்லூரில் அவர் பாடியது அப்படித்தான். பேய்? காரைக்கால் அம்மையார் தன் பாட்டின் முடிவில் தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். சுந்தரர் அவரைப் 'பேயார்' என்று கும்பிடுகிறார். மூன்றாவது ஆழ்வார் பேயாழ்வார். பேச்சியம்மாள் என்று ஒரு பிள்ளை எழுந்து நின்றால் இவ்வளவு பேர் அவள் பின்னால் நிற்கிறார்கள்.

பிச்சை என்ற பேரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் வகுப்பில் பிச்சம்மாள் என்று ஒரு பிள்ளை இருந்தாள். மற்றப் பிள்ளைகள் சில்லறையைத் தூக்கி அவள் முன்னால் போட்டு விளையாடுவார்கள். நான் கண்டித்தும் நிற்கவில்லை. ஒருநாள் அவள் அம்மா ரேஷன் கடைக்கு வந்த வழியில் என்னைப் பார்க்க வந்து, வகுப்பு வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார். "இவளுக்கு முந்தி மூணு போச்சு டீச்சர். இவ பெறந்ததும் எங்க மாமியா ஏழு வீட்டுல பழஞ்சேலை பிச்சை வாங்கிட்டு வந்து அதுல இவளக் கிடத்துனா. இது எங்க புள்ள இல்ல, பிச்சை எடுத்த புள்ளன்னு எமனுக்குக் கேக்குற மாதிரி சொன்னா. அதான் தங்குனா." அவர் போன பிறகு வகுப்புக்குள் வந்து அந்தக் கதையை அப்படியே பிள்ளைகளிடம் சொன்னேன். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, எங்க தாத்தா பேரும் குப்புசாமி, அவரையும் பொறந்ததும் குப்பைல போட்டுத்தான் எடுத்தாங்களாம் என்றான். இன்னொருத்தி, எங்க அத்தையைத் தவிட்டுக்கு வாங்கினாங்களாம் என்றாள். அன்றைக்கு இலக்கண வகுப்பு நடக்கவில்லை. மறுநாளிலிருந்து சில்லறை விளையாட்டும் நடக்கவில்லை. சிவனுக்கும் பிச்சாண்டவர் என்று பேர் உண்டு. கையில் ஓடு ஏந்தித் தெருவில் இறங்கிய கோலத்தைக் கல்லிலும் செம்பிலும் வடித்து வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளையின் பேர் எந்த அளவிலும் அதற்குக் குறைந்ததில்லை.

சுடலைமுத்துவில் இருக்கிற முத்துவையும் சொல்லிவிடுகிறேன். முத்து கடலில் எடுப்பதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வீடுகளில் அம்மைக் கொப்புளத்துக்கும் முத்து என்றுதான் பேர். நோய் வந்திருக்கிறது என்று சொல்லமாட்டார்கள், அம்மா முத்துப் போட்டிருக்கிறாள் என்பார்கள். வேப்பிலையை வாசலில் செருகிவிட்டு, முத்து இறங்கட்டும் என்று காத்திருப்பார்கள். எங்கம்மா முகத்தில் அந்தத் தழும்பு கடைசி வரைக்கும் இருந்தது. பெரியம்மை இந்தியாவில் 1975-ஓடு நின்றுபோனது, உலகத்தில் ஒழிந்தது என்று 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பிழைத்த பிள்ளைகளுக்கு நன்றியாக வைத்த முத்துமாரியும் முத்துசாமியும் பேரப்பிள்ளைகள் வரைக்கும் வந்திருக்கிறார்கள்.

சிரிப்பு எல்லாப் பேருக்கும் வருவதில்லை என்பதையும் நாம் நேராகப் பார்க்க வேண்டும். விக்னேஷுக்கும் ஐஸ்வர்யாவுக்கும் யாரும் சிரிப்பதில்லை. மாடசாமிக்கும் இசக்கிக்கும் முனியாண்டிக்கும் கருப்பாயிக்கும்தான் சிரிக்கிறார்கள். சாதிப் பட்டத்தைப் பேரிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் நடந்தும்விட்டது. இந்தியாவில் வேறெங்கும் இந்த அளவுக்கு நடக்கவில்லை, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பட்டம் போன பிறகு, எந்தச் சாமி பேரை வைத்திருக்கிறான் என்று பார்த்து வீட்டைக் கண்டுபிடிக்கிற கண்கள் இன்னும் இருக்கின்றன. அதற்கு முந்தி இன்னொரு கொடுமையும் இருந்தது. மாடசாமி என்று பெற்றவர்கள் வைத்தால், சாமியை வெட்டிவிட்டு "ஏலே மாடா" என்பார்கள். தொழுவத்து மாட்டையும் ஆளையும் ஒரே சொல்லில் கூப்பிட. 'சாமி' என்று முடிகிற பேரை ஒரு கூலிக்காரன் சுமப்பதை அவர்களால் வாயால் சொல்ல முடியவில்லை. பேரை முழுசாகக் கூப்பிடுங்கள் என்று நான் கேட்பதற்கு முதல் காரணம் அதுதான். பாதிப் பேர் கூப்பிடுவது நம் ஊரில் வெறும் சோம்பல் இல்லை, அதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது.

முழுசாகக் கூப்பிட வேண்டும் என்பதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் மேலப்பாளையத்தில் துணி வியாபாரம் பார்த்த ஒரு தகப்பனார். அவர் பையன் பேர் அப்துல் காதர். வகுப்பில் மூன்று அப்துல் இருந்ததால் நான் அப்துல் ஒண்ணு, அப்துல் ரெண்டு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. "டீச்சர், அப்துல்னா 'உடைய அடிமை'ன்னு அர்த்தம். யாருடையன்னு சொல்லாம நிறுத்திட்டா அந்தரத்துல நிக்கும். காதர்ங்கிறது அல்லாவோட பேரு, எல்லாம் வல்லவன்னு. அத மட்டும் சொல்லி எம் பையனக் கூப்பிட்டாலும் தப்பு. ரெண்டையும் சேத்துக் கூப்பிடுங்க" என்றார். அப்துல் ரஹ்மான் அருளாளனின் அடிமை, அப்துல் கரீம் கொடையாளனின் அடிமை. அல்லாவின் 99 திருநாமங்களில் ஒன்றை எடுத்து, அதன் முன்னால் தன்னை அடிமையாக வைத்துக்கொள்கிற பேர் அது. அப்பர் காலத்திலிருந்து அடியார், தொண்டர் என்று சொல்லிப் பழகிய நமக்கு அது விளங்காதா? ஏசுவடியான் என்று நாசரேத் பக்கம் பேர் வைத்திருப்பவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

கிறிஸ்தவப் பிள்ளைகளின் பேரிலும் சாமி ஒளிந்திருக்கிறது. மைக்கேல் என்ற பேர் எபிரேயத்தில் ஒரு கேள்வி: கடவுளுக்கு நிகர் யார்? அந்தக் கடைசி 'ஏல்'தான் கடவுள். தானியேலிலும் அதே ஏல், கடவுள் என் நடுவர் என்று பொருள். யோவான் என்றால் ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்று பொருள், அதைத்தான் கத்தோலிக்கர்கள் அருளப்பன் என்று தமிழில் ஆக்கினார்கள். பவுல் என்றால் லத்தீனில் சின்னவர், அவர் சின்னப்பர் ஆனார். சத்தத்தைக் கொண்டுவராமல் பொருளைக் கொண்டுவந்திருக்கிறார்கள், எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். ஒரு வருஷம் என் வகுப்பில் மைக்கேலும் ஒப்பிலியப்பனும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். ஒப்பிலியப்பனைக் கும்பகோணத்துக்காரன் என்று சொல்லி 'உப்பில்லா அப்பன்' என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். கும்பகோணத்துப் பக்கம் ஒப்பிலியப்பன் கோயிலில் பெருமாளுக்கு உப்பில்லாமல்தான் நைவேத்தியம், அது உண்மை. ஆனால் நம்மாழ்வார் அந்தப் பெருமாளைத் 'தன்னொப்பார் இல்லப்பன்' என்று பாடியிருக்கிறார். தனக்கு ஒப்பானவர் யாரும் இல்லாத அப்பன். அதை நான் பலகையில் எழுதி, பக்கத்தில் மைக்கேலின் கேள்வியையும் எழுதினேன். கடவுளுக்கு நிகர் யார் என்று ஒருவன் கேட்கிறான், நிகர் இல்லை என்று பக்கத்தில் இருப்பவன் சொல்கிறான். ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொண்டார்கள். இருபது வருஷம் கழித்து மைக்கேல் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தபோது அதை நினைவாகச் சொன்னான்.

பெரியாழ்வார் பிள்ளைகளுக்குப் பேர் வைப்பதைப் பற்றியே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு யாரோ ஒரு மனுஷன் பேரை வைக்காதீர்கள், நாரணன் பேரை வையுங்கள், அந்தப் பிள்ளையின் தாய் நரகம் போகமாட்டாள் என்கிறார். காரணம் எளிது. தாய் ஒரு நாளைக்கு எத்தனை முறை பிள்ளையைக் கூப்பிடுவாள்? சோறு உண்ண, தண்ணீர் எடுக்க, அடிக்க, அணைக்க. அத்தனை முறையும் சாமியைக் கூப்பிட்ட கணக்கு. பகலில் பாதியைப் பிள்ளைகள் நம்மோடுதான் கழிக்கிறார்கள், நாமும் கூப்பிடுகிறோம்.

பேரைச் சொல்லாமல் இருப்பதும் ஒரு மரியாதைதான். எங்கள் அத்தையின் வீட்டுக்காரர் பேர் சண்முகம். திருச்செந்தூரில் கடலில் முழுகி எழுந்து ஊரே "சண்முகா" என்று கும்பிடும்போது அத்தை மட்டும் "ஆறுமுகம், ஆறுமுகம்" என்பாள். பொருள் ஒன்றுதான், ஆனால் புருஷன் பேர் வாயில் வராது. யூதர்களும் அப்படித்தான், தங்கள் கடவுளின் பேரை எழுதியிருந்தாலும் வாயால் சொல்லாமல் 'ஆதொனாய்', என் ஆண்டவர் என்று வாசிப்பார்கள். தமிழ் வேதாகமத்தில் அந்த இடங்களில்தான் 'கர்த்தர்' என்று வரும். எரிகிற முட்செடிக்கு முன்னால் நின்று, உம் பேர் என்னவென்று கேட்டால் என்ன சொல்ல என்று மோசே கேட்கிறார். வந்த பதில்: 'இருக்கிறவராக இருக்கிறேன்.' நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டில் இந்தப் பகுதியை ஒரு மாணவி வாசித்தாள். அது முடிந்து வகுப்புக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து முதல் பேரைச் சொன்னேன். "உள்ளேன் அம்மா" என்று பதில் வந்தது. அடுத்த பேர், "உள்ளேன் அம்மா." அன்றைக்கு எனக்குக் கோடு போடக் கை ஓடவில்லை. அத்தனை வருஷம் அந்தச் சொல்லை வந்துவிட்டான், வரவில்லை என்ற கணக்காக மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாணிக்கவாசகர் ஒரு பேரும் ஓர் உருவமும் இல்லாதவனுக்கு 'ஆயிரம் திருநாமம்' பாடுவோம் என்கிறார். அந்த ஆயிரத்தில் கணிசமானவை நம் பதிவேடுகளில் இருக்கின்றன. எங்கள் பக்கம் பேரைக் கேட்டே ஊரைச் சொல்லிவிடலாம். நெல்லையப்பனும் காந்திமதியும் திருநெல்வேலி. கோமதியும் சங்கரநாராயணனும் சங்கரன்கோவில். குற்றாலிங்கம் என்றால் குற்றாலம், குழைக்காதன் என்றால் தென்திருப்பேரை, வானமாமலை என்றால் நாங்குநேரி, தாணு என்றால் சுசீந்திரம். மைதீன், மார்க்கத்துக்கு உயிரூட்டியவர் என்று பாக்தாத் ஞானி அப்துல் காதர் ஜீலானிக்கு வழங்கிய பட்டம். நாகூர் ஆண்டவரை நினைத்து வைத்தது சாகுல் அமீது. ஆரோக்கியமேரி வேளாங்கண்ணி. ஒரு காலைப் பொழுதில் பத்து நிமிஷத்தில் இத்தனை கோயிலுக்கும் தர்காவுக்கும் போய் வருகிற வேலை வேறு யாருக்கு இருக்கிறது?

எல்லாப் பேரும் வரம்தான் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. போதும்பொண்ணு என்று ஒரு மாணவி இருந்தாள். ஐந்தாவது பெண் குழந்தை. முதல் வாரத்திலேயே மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "டீச்சர், என்னப் பொண்ணுன்னு மட்டும் கூப்பிடுங்க" என்றாள். முழுசாகக் கூப்பிட வேண்டும் என்று இவ்வளவு எழுதுகிற நான் அவளைப் பாதிப் பேரில்தான் கூப்பிட்டேன். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறவர்களின் பேர்ப் பட்டியலான நாமினல் ரோலை அனுப்புவதற்கு முந்தி அவள் அப்பாவை வரவழைத்துப் பேசி, அரசிதழில் பேர் மாற்ற வழி சொன்னோம். புதுப் பேரை அவளே தேர்ந்தெடுத்தாள். அது என்ன பேர் என்று இங்கே சொல்லமாட்டேன், அது அவளுடையது. பிள்ளை கேட்டால் மாற்றிக்கொடுங்கள். 1974-இல் என்னிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் குறை.

அதனால் கேட்கிறேன். வருஷத்தின் முதல் நாள், பாடத்தைத் தொடுவதற்கு முன், பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்து அனுப்புங்கள்: உன் பேரை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று வீட்டில் கேட்டு வா. ஆச்சி, தாத்தா இருந்தால் அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள், அவர்களுக்குத்தான் கதை தெரியும். மறுநாள் ஒரு பாடவேளையை அதற்கு விட்டுக்கொடுங்கள். எந்த வகுப்பிலும் எனக்கு ஒரு மணி நேரம் போதியதில்லை. பேரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள், அப்படியே கூப்பிடுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பேரைத் துண்டாக்கிப் பாதியை முன்னெழுத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். அந்த ஒரு தவறு பாஸ்போர்ட் வரைக்கும் அந்தப் பிள்ளையைத் துரத்தும். ஒரு பேருக்கு வகுப்பு சிரித்தால் அந்த இடத்தில் நின்று, அந்தப் பேரின் கதையைச் சொல்லிவிட்டுப் பிறகு அடுத்த பேருக்குப் போங்கள். கதை தெரியாவிட்டால் அந்தப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள்.

சுடலைமுத்துவுக்கு நான் சம்பந்தர் பாட்டைப் பாடிக் காட்டினேன். "சிவன் சாமியும் சுடலைதானா ஆச்சி?" என்று கேட்டான். வில்லுப்பாட்டுக் கதையைப் பாதி வரைக்கும் சொன்னேன், தூங்கிவிட்டான். பேரை மாற்றுவதா வேண்டாமா என்று அவன் இன்னும் சொல்லவில்லை. கொடை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான். தீப்பந்தத்தோடு சாமி ஓடுவதை இந்த வருஷம் முழித்திருந்து பார்க்கப் போகிறானாம். எப்படி முடிவு செய்தாலும் அவன் அப்பாவிடம் நான் பேசுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நோட்டுக்குப் புது லேபிள் ஒட்டிக் கொடுத்தேன். இன்னும் எழுதவில்லை, வெறுமையாகத்தான் இருக்கிறது.

நாளைக் காலையில் பதிவேட்டில் அவன் பேர் வரும். நிறுத்தி, எல்லா எழுத்தும் கேட்கும்படி ஒருமுறை சொல்லுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள்.

இப்படிக்கு,
இசக்கியம்மாள்
(பள்ளிப் பதிவேட்டில் ஈஸ்வரி)